வெட்கம் கெட்டவன் இப்படியொரு கடிதம் எழுத மாட்டான்

கேள்வி:

மதிப்புக்குரிய உளவளத்துணையாளர் அவர்களுக்கு,

எனக்கு வயது 46. வடமராட்சியில் வசிக்கிறேன். அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருக்கிறேன். 2009 இல் முகாமுக்குப் போய், அங்கிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கினேன். இப்போது அரைப் போத்தல் சாராயம் இல்லாமல் எந்த இரவும் கழிவதில்லை. காலையில் கை நடுங்குகிறது. கையெழுத்து வைக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் வேலைக்குப் புறப்படும் முன்னரும் ஒரு வாய் குடிக்கிறேன். சென்ற கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு நிறுத்தினேன். இரண்டாம் நாள் உடம்பு முழுவதும் உதறியது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சிகள் ஊர்வது போலத் தெரிந்தது. அன்றிரவே மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் குடித்தேன். அதன் பிறகு முன்னரைவிடக் கூடுதலாகக் குடிக்கிறேன்.

மகளுக்கு 14 வயது. அவளுடைய பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குக் குடித்த மணத்தோடு போனேன். அவள் என்னைத் தெரியாதவள் போலக் கடந்து போனாள். அம்மா என்னை 'வெட்கம் கெட்டவன்' என்கிறார். வெட்கம் இருந்திருந்தால் எப்போதோ விட்டிருப்பேன் என்று எனக்கும் தோன்றுகிறது. வைத்தியசாலைக்குப் போனால் தெரிந்தவர்கள் காண்பார்கள். சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து ஒன்றைப் பற்றி மனைவி விசாரித்துக்கொண்டிருக்கிறார். வெறுமனே கதைத்து ஒருவனைக் குடியிலிருந்து மீட்க முடியுமா? என்னைப் போன்றவனையும் மீட்க முடியுமா? தம்பியின் கதை வேறு. அது இங்கே தேவையில்லை.

பெயர் வேண்டாம், வடமராட்சி


பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னர் ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பதிலை வாசித்த வேகத்தில் போத்தலைக் கிணற்றடியில் ஊற்றிவிட்டு, நாளையிலிருந்து ஒரு துளியும் தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிடாதீர்கள். கார்த்திகையில் உங்களுக்கு நேர்ந்ததை ஐயப்பன் வைத்த சோதனை என்று யாரேனும் சொல்லியிருக்கலாம். உங்கள் மனவுறுதியின் தோல்வி என்று நீங்களே நினைத்திருக்கலாம். இரண்டும் இல்லை. பல ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் மதுவைப் பெற்ற மூளை, அதன் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னை எப்போதும் முறுக்கி வைத்திருக்கப் பழகிவிடுகிறது. மது திடீரென நின்றவுடன், பிடித்திருந்த கயிற்றைக் கைவிட்டதும் துலா எகிறுவது போல, அந்த முறுக்கம் முழுவதும் ஒரேயடியாக வெளிப்படுகிறது. நடுக்கமும் வியர்வையும் நித்திரையின்மையும் முதல் நாளிலேயே தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் பூச்சி, பாம்பு, ஆட்கள் எனப் பலவும் தெரியத் தொடங்கும்; புத்தி தடுமாறும்; சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். உங்களுக்குச் சுவரில் தெரிந்த பூச்சிகள் அந்த ஆபத்தின் வாசற்படியில் நீங்கள் நின்றதற்கான அடையாளம். ஒருமுறை இப்படி நேர்ந்தவருக்கு அடுத்த முறை அது இன்னும் கடுமையாக வரக்கூடும்.

ஆகவே நிறுத்துவது வைத்தியரின் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் குளிசைகளைத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். நெடுநாள் குடித்தவர்களின் உடலில் குறைந்துபோயிருக்கும் தயமின் என்ற பி1 விற்றமினையும் கொடுப்பார்கள். அதைக் கொடுக்கத் தவறினால் மூளைக்கு நிரந்தரமான பாதிப்பு ஏற்படக்கூடும். வைத்தியரைக் காணும்வரை உங்கள் வழக்கமான அளவைக் கூட்டவும் வேண்டாம், ஒரேயடியாக வெட்டவும் வேண்டாம். குடிப்பழக்கத்தைப் பற்றி எழுத வந்த ஒருவர் இப்படிச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

உங்கள் மனைவி விசாரிக்கும் மருந்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய மருந்துகள் பலவற்றில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரிவதில்லை. அது டைசல்பிராம் என்ற குளிசையாக இருந்தால், அது மது உடலில் உடையும் பாதையை இடையில் மறிக்கும் மருந்து. அதை எடுத்த ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, சத்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து விழும். ஈரலையும் இருதயத்தையும் பரிசோதித்த பின்னர், குடிப்பவரே விளங்கிக்கொண்டு சம்மதித்து எடுக்கும்போது அது சிலருக்கு நல்ல துணையாகிறது. தெரியாமல் கறியில் கலந்தால் அது நஞ்சு. உயிர் தப்பினாலும், பிறகு ஒருபோதும் நீங்கள் மனைவியின் கையால் நிம்மதியாக ஒரு வாய் சோறு உண்ண மாட்டீர்கள். இந்தப் பந்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவரைக் குறை சொல்வதற்காக வேண்டாம். வழி தெரியாமல் தவிக்கும் ஒருவர் கையில் எட்டுவதைத்தான் பிடிப்பார்.

இனி உங்கள் அம்மாவின் சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் பாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் இருக்கிறது. வெட்கம் இல்லாத ஒருவர் அலுவலகத்தில் கையெழுத்து வைக்கும்போது கை நடுங்கிவிடுமோ என்று பயப்பட மாட்டார். பரிசளிப்பு விழாவில் மகள் கடந்து போனதை நெஞ்சில் சுமக்க மாட்டார். பெயர் வேண்டாம் என்று எழுத மாட்டார். உங்கள் கடிதத்தில் நான் காண்பதெல்லாம் வெட்கம்தான். பிரச்சினை அதன் குறைவில் இல்லை. அது உங்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதில்தான் இருக்கிறது. ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். காலையில் நடுங்கும் கையைப் பார்த்ததும் உங்கள் மீதே ஒரு வெறுப்பு வருகிறது. அந்த வெறுப்பை நாள் முழுவதும் அலுவலகத்தில் யாருக்கும் காட்டாமல் சுமக்கிறீர்கள். மாலையில் படலையைத் திறக்கும்போது வீட்டிலுள்ள முகங்கள் அதையே உங்களுக்கு மீண்டும் காட்டுகின்றன. தாங்க முடியாத அந்த உணர்வைச் சில மணித்தியாலங்களாவது மரத்துப்போகச் செய்ய உங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து, அந்த உணர்வை உண்டாக்கிய அதே சாராயம். மறுநாள் காலையில் வெட்கம் வட்டியோடு திரும்பி வருகிறது. அம்மா நினைப்பது போல வெட்கத்தைக் கூட்டினால் குடி குறையும் என்றால், யாழ்ப்பாணத்தில் இன்று ஒரு தவறணையும் திறந்திருக்காது. வெட்கப்படுத்துவதில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

இது என் ஊகம் மட்டுமன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிக்கா டிரேசியும் டானியல் ராண்டில்ஸும் 2013 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குடியை விட்டு ஆறு மாதம் ஆகாதவர்களை அழைத்து, கடைசியாகக் குடித்து மனம் வருந்திய சந்தர்ப்பத்தைப் பற்றிப் பேசச் சொல்லிப் படம் பிடித்தார்கள். சொன்ன வார்த்தைகளை விட்டுவிட்டு உடம்பைக் கவனித்தார்கள்: தோள் எவ்வளவு கூனியது, நெஞ்சு எவ்வளவு ஒடுங்கியது என்று. சில மாதங்களின் பின்னர் அதே ஆட்களைத் தேடி விசாரித்தபோது, யாருடைய உடம்பு கூடுதலாக வெட்கத்தைக் காட்டியதோ, அவர்கள்தான் கூடுதலாக மீண்டும் குடியில் விழுந்திருந்தார்கள். விழுந்தவர்களிலும் அவர்களே அதிகமாகக் குடித்திருந்தார்கள். வெட்கப்படுகிறீர்களா என்று கேட்டு எழுதி வாங்கிய விடைகள் இதை முன்கூட்டிக் காட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். வெட்கம் வாயால் சொல்லப்படுவதைவிட உடம்பில் ஒளிந்திருப்பதே அதிகம்.

இதற்கு மறுபக்கமாக இன்னோர் உணர்வு இருக்கிறது. எங்கள் பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் ஹெலன் புளொக் லூயிஸ் 1971 இல் எழுதிய நூலில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். 'நான் செய்தது பிழை' என்பது குற்றவுணர்வு. 'நானே ஒரு பிழை' என்பது வெட்கம். முதலாவது செயலைப் பார்க்கிறது. செயலைத் திருத்தலாம், பாதிக்கப்பட்டவரிடம் போகலாம், இழப்பை ஈடுசெய்யலாம். இரண்டாவது ஆளைப் பார்க்கிறது. ஆளையே அழித்துவிட வேண்டும் அல்லது ஒளித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது. பின்னர் வந்த ஜூன் டாங்னி முதலியோரின் ஆய்வுகளில், வெட்கத்துக்கு எளிதில் ஆளாகும் மனப்போக்கு போதைப் பிரச்சினைகளோடு சேர்ந்து கூடுவதையும், குற்றவுணர்வு கொள்ளும் மனப்போக்கு அவற்றுக்கு ஓரளவு காவலாக இருப்பதையும் கண்டார்கள். உளவளத்துணை அறையில் நடக்கும் வேலையின் பெரும்பகுதி, இரண்டாவது வாக்கியத்தோடு வரும் ஒருவர் முதலாவது வாக்கியத்தைச் சொல்லக்கூடியவராக மாறுவதற்குத் துணை நிற்பதுதான். உங்கள் பொறுப்பை நான் இலேசாக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். பொறுப்பேற்பதற்கு முதலில் நிமிர்ந்து நிற்க ஓர் ஆள் வேண்டும்.

வெறுமனே கதைத்து மீட்க முடியுமா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, உங்களோடு இதுவரை கதைத்தவர்கள் எல்லோரும் ஒரே விதமாகக் கதைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு முக்கால் மணித்தியாலம் ஈரலைப் பற்றிப் பாடம் எடுத்தேன். அவர் எல்லாவற்றுக்கும் 'ஓம், ஓம்' என்று தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு ஒருபோதும் வரவில்லை. அவருக்குத் தெரியாத எதையும் நான் சொல்லவில்லை என்பது எனக்கு நெடுநாள் கழித்துத்தான் விளங்கியது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983 இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரிவாக்கிய முறை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. குடிப்பவரின் உள்ளே இரண்டு குரல்கள் இருக்கின்றன: ஒன்று விட வேண்டும் என்கிறது, மற்றது விட முடியாது என்கிறது. நான் முதலாவது குரலை எடுத்துக்கொண்டு வாதாடினால், அவருக்குப் பேச எஞ்சியிருப்பது இரண்டாவது குரல் மட்டுமே. மில்லரும் அவருடைய சகாக்களும் 1993 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆலோசகர் எவ்வளவு எதிர்த்து வாதாடினாரோ, ஒரு வருடத்தின் பின்னர் அந்த ஆள் அவ்வளவு கூடுதலாகக் குடித்தார் என்று கண்டார்கள்.

ஆகவே முதல் சந்திப்பில் 'குடி உங்களுக்கு என்ன நன்மை செய்தது?' என்ற கேள்வியை நீங்கள் எதிர்கொள்ளலாம். திடுக்கிட வேண்டாம், இது பொறி வைக்கும் கேள்வி இல்லை. உங்கள் கடிதத்திலேயே அதற்கு விடை இருக்கிறது: நித்திரை. மது ஆளைச் சீக்கிரம் தூங்க வைத்தாலும் இரவின் பிற்பாதியில் நித்திரையை உடைத்து எழுப்பிவிடும் என்பதும், அதனால்தான் குடிப்பவர்கள் பலர் இரண்டு மூன்று மணிக்கு விழித்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்பதும் பிறகு பேசவேண்டியவை. ஆனால் உங்களை நித்திரை கொள்ள விடாமல் எது துரத்தியது என்பதை விளங்கிக்கொள்ளாமல், அதற்கு நீங்கள் கண்டுபிடித்த மருந்தை மட்டும் பறித்தால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். வெறுமையை யாரும் நெடுநாள் தாங்குவதில்லை.

அதன் பிறகு வரும் கிழமைகளில் வேலை மிகவும் சாதாரணமானது. சொல்லப்போனால் கொஞ்சம் சலிப்பானதுங்கூட. எந்த நேரம், எந்தச் சந்தி, யாரோடு, கையில் எவ்வளவு காசு இருக்கும்போது ஆசை எழுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்வோம். ஆசை எழுந்தால் அது குடிக்கும்வரை ஏறிக்கொண்டே போகும் என்று குடிப்பவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் அது கடலலை போல எழுந்து, உச்சிக்கு வந்து, பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும். அதை ஒருமுறை குடிக்காமல் இருந்து பார்த்த பிறகே நம்ப முடியும், அதற்காகவே அந்த அரை மணித்தியாலத்தை எப்படிக் கழிப்பது என்று ஒத்திகை பார்க்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் விமானநிலையத்தில் வாங்கிய போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு 'ஒண்டு மட்டும்' என்று கேட்கும்போது என்ன சொல்வது, செத்த வீட்டில் இரவு காவலுக்கு இருப்பவர்கள் பின் வளவுக்குப் போகும்போது எங்கே நிற்பது, இப்படியான வாக்கியங்களையும் இடங்களையும் முன்கூட்டியே பழகுகிறோம். ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

மாலையைக் கழற்றிய அந்த இரவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். போதை மீட்சித் துறையில் அலன் மார்லட்டும் ஜூடித் கோர்டனும் 1985 இல் எழுதிய நூலில் விளக்கிய ஒரு நிகழ்வு, உங்கள் கடிதத்தில் அச்சாகப் பதிந்திருக்கிறது. முழுமையாக விடுவேன் என்று சபதம் எடுத்தவர் ஒருமுறை சறுக்கும்போது, அந்த ஒரு குவளை அவரை வீழ்த்துவதில்லை. அதைத் தொடர்ந்து 'எல்லாம் போயிற்று, நான் இவ்வளவுதான்' என்று மனம் எழுதும் தீர்ப்பே வீழ்த்துகிறது. தீர்ப்பு எழுதப்பட்ட பிறகு நிறுத்துவதற்குக் காரணம் இல்லாமல் போய்விடுகிறது. கோயில் நேர்த்தியையும் கற்பூரம் அணைத்துச் செய்யும் சத்தியத்தையும் நான் குறைவாக மதிப்பவன் இல்லை; சிலரை அவை தாங்கிப் பிடித்ததைக் கண்டிருக்கிறேன். ஆனால் சத்தியத்துக்கு நடுவழி கிடையாது. அது காக்கப்படும், அல்லது முறியும். முறிந்தால் ஏற்கெனவே இருந்த வெட்கத்தோடு தெய்வக் குற்றமும் சேர்ந்துகொள்ளும். மீட்சியில் சறுக்கல்கள் வரும், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில். சறுக்கிய மறுநாளே வந்து சொல்ல ஓர் இடம் இருந்தால், எந்தக் கல்லில் கால் வழுக்கியது என்று பார்த்து அடுத்த அடியை வேறிடத்தில் வைக்கலாம். அப்படி வந்து சொல்வதைத்தான் வெட்கம் தடுக்கிறது.

சொல்வது என்பதற்கு ஏன் இவ்வளவு வலிமை என்று கேட்பீர்கள். அடையாளங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மேசன் வேலை செய்பவர். ஆறு கிழமைகள் ஒழுங்காக வந்தார், எல்லாவற்றையும் பேசினார், ஆனால் மகளைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழாம் கிழமை, எழுந்து போகும் தறுவாயில், கதவில் கையை வைத்துக்கொண்டு, மகளின் தோட்டை விற்றுக் குடித்ததாகவும், களவு போய்விட்டது என்று வீட்டில் சொன்னதாகவும், பிள்ளை அதை நம்பி அவரோடு சேர்ந்து வளவெல்லாம் தேடியதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன சொல்கிறேன் என்பதைவிட, என் முகம் மாறுகிறதா என்பதைத்தான் அவர் பார்த்தார். வெட்கம் எப்போதும் ஒரே ஓர் எதிர்பார்ப்போடு காத்திருக்கிறது: இது தெரிந்தால் என்னைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். தெரிந்த பிறகும் எதிரில் இருப்பவர் கதிரையை விட்டு எழும்பவில்லை, முகத்தைத் திருப்பவில்லை, 'இருங்கோ, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு' என்று சொல்கிறார் என்றால், அந்த எதிர்பார்ப்பு முதற்தடவையாகப் பொய்யாகிறது. ஒருமுறை போதாது, பலமுறை பொய்யாக வேண்டும். அன்று அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் தோட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பிள்ளை வளவில் எந்த இடத்தில் தேடினாள் என்று மட்டும் கேட்டேன். அவர் நீண்ட நேரம் அழுதார். அந்த அழுகை வெட்கத்திலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது பிள்ளைக்காக வந்தது.

குழுச் சந்திப்புகளில் இது வேறு விதமாக நடக்கிறது. 1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடியர்கள் ஒருவரோடொருவர் கதைத்ததில் தொடங்கிய, குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு மீட்சிக்கு வகுத்த பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, தன் பிழைகளை இன்னொரு மனிதரிடம் சொல்வது. எல்லாம் அறிந்த கடவுளிடம் மட்டும் சொன்னால் போதாதா என்று எங்கள் ஆட்கள் கேட்பதுண்டு. கடவுளின் முகம் மாறுவதில்லை. அதனால்தான் அவரிடம் சொல்வது எளிது. வட்டமாகப் போட்ட கதிரைகளில், உங்களைவிட வயதில் மூத்த ஒருவர் நீங்கள் சொல்லி முடித்ததும் 'நானும் இதைத்தான் செய்தனான்' என்று மெதுவாகச் சொல்வதற்கு ஈடாக என்னிடம் எந்த நுட்பமும் இல்லை.

மகளைப் பற்றி. உடல் தேறி, சில கிழமைகள் குடிக்காமல் இருந்த பிறகு, ஒரு நாள் நீங்கள் அவளோடு பேச வேண்டியிருக்கும். கண்ணீரோடு காலைப் பிடிப்பது, தலையில் அடித்துச் சத்தியம் செய்வது, 'அப்பாவை மன்னிப்பியோ' என்று கேட்பது, இவை எதுவும் வேண்டாம். இவை எல்லாம் 14 வயதுப் பிள்ளையின் தலையில் உங்களைத் தேற்றும் வேலையையும் ஏற்றிவிடுகின்றன. 'பிள்ளை, அண்டைக்கு உங்கட பள்ளிக்கூடத்துக்கு நான் குடிச்சிட்டு வந்தது பிழை. அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும். நான் இப்ப கிளினிக்குக்குப் போறன்.' இவ்வளவு போதும். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போகலாம். போகட்டும். அவள் உங்களைத் தெரியாதவள் போலக் கடந்து போனதை நீங்கள் வெறுப்பு என்று வாசித்திருக்கலாம். அந்த வயதில் தன் தோழிகளின் கண்முன்னே ஒரு பிள்ளைக்கு வந்ததும் வெட்கம்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். அவளும் உங்களைப் போலவே அதை ஒளித்துத்தான் சமாளித்தாள்.

மனைவி உங்களுக்கு முன்னரேகூட உதவி பெறத் தொடங்கலாம். குடிப்பவர் வர மறுத்தாலும் குடும்பத்தவருக்குப் பயிற்சி அளிக்கும் ஒரு முறையை ரொபர்ட் மேயர்ஸ் என்பவர் உருவாக்கினார். குடிக்காத நேரத்தில் அன்பாகக் கூட இருப்பது, வெறியில் இருக்கும்போது வாதாடாமல் விலகுவது, அலுவலகத்துக்குப் பொய்க் காரணம் சொல்லித் தப்ப வைக்காதிருப்பது, தன்னுடைய வாழ்க்கையையும் கவனிப்பது என்பன அதன் சாரம். குடும்பத்தவர் 130 பேரோடு நடத்தி 1999 இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முறையைக் கற்றவர்களின் வீடுகளில் 100 க்கு 64 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடிநின்று குடிப்பவரை எதிர்கொள்ளும் முறையில் 30 பேர்தான் வந்தார்கள். உங்கள் அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்வதால் பயன் இருக்குமா தெரியவில்லை. அவருடைய சொல்லும் பயத்திலிருந்துதான் வருகிறது.

யாராவது காண்பார்கள் என்ற உங்கள் பயத்துக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் யாரும் காணாமல் ஒரு சந்தியைக்கூடக் கடக்க முடியாது. போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ போனால், ஏதோ ஒரு நாள் தெரிந்த முகம் ஒன்று எதிர்ப்படத்தான் செய்யும். அந்த முகமும் ஏதோ ஒரு தேவைக்காகத்தான் அங்கே வந்திருக்கும். நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதை, உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து இருந்தாலன்றி, உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்வது எங்கள் தொழிலுக்கு முரணானது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். நேரில் போக மனம் வராத இரவுகளில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கோ, தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கோ அழைக்கலாம். ஆனால் உங்கள் நிலையில் தொலைபேசி மட்டும் போதாது; மூன்றாம் நாளின் பூச்சிகளை மறந்துவிடாதீர்கள். இடையில் எப்போதாவது வலிப்பு வந்தாலோ புத்தி தடுமாறினாலோ, அது கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டிய விடயம் இல்லை. உடனே அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கடைசியாக, நீங்கள் தேவையில்லை என்று எழுதிய வரியைப் பற்றி. தேவையில்லாத ஒன்றை யாரும் கடிதத்தின் முடிவில் எழுதுவதில்லை. தம்பிக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. பலர் வாசிக்கும் பக்கம் அதற்கு உரிய இடமும் இல்லை. 2009 இல் தொடங்கிய குடிக்கும் அந்த வரிக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டுமே. அதைத் திறப்பதற்கு ஒரு முறை உண்டு என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் உடல் தேறி, நித்திரை ஓரளவு சீராகி, சாராயம் இல்லாமல் ஒரு கெட்ட இரவைக் கடக்க உங்களால் முடியும் என்று நீங்களே கண்ட பிறகுதான் அந்தப் பக்கம் போவார்கள். அதுவும் உங்கள் வேகத்தில்தான். அவசரப்பட்டு முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் ஒருவரிடம் நீங்கள் மாட்டிக்கொண்டால், 'இப்ப வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வரும் கிழமையில் ஒரு நாள் அரை நாள் விடுப்பு எடுங்கள். காலையில் நடுக்கத்தோடு போக வேண்டியிருந்தால் அப்படியே போங்கள். வைத்தியர் அதைக் காண்பது நல்லது. பேருந்தில் மனைவி கூட வந்தால் நல்லது, வராவிட்டாலும் போங்கள். பதிவு செய்யும் இடத்தில் 'குடியை நிப்பாட்ட வந்தனான், போன முறை நிப்பாட்டேக்க பூச்சி ஊருற மாதிரித் தெரிஞ்சது' என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கும். அங்கே நின்று அந்த ஒரு வசனமும் வாயில் வராமல் போகலாம். எனக்கு எழுதிய கடிதத்தை மறுபடி ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாவிட்டால் அதை அப்படியே நீட்டுங்கள். தம்பியைப் பற்றிய வரியை வெட்ட வேண்டாம்.